இலத்தீன் மொழியில் சூனியக்காரியின் பெயர்கள் – ஒரு சொற்பொருள் நோக்கு

சொற்பொருள் மாற்றத்தை வகுப்பில் நடத்தும்பொழுதெல்லாம் 'நாற்றம்' என்னும் சொல்லையே நாம் எடுத்துக்காட்டாகக் கூறி வருகிறோம். நறுமணத்தைக் குறித்த சொல் பிற்காலத்தில் தீய மணத்தைக் குறிக்கலாயிற்று; இஃது இழிபொருட்பேறு. மாணவர் இதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். தேர்வில் இரண்டு மதிப்பெண் கிட்டும். அத்துடன் பாடம் முடிந்துவிடும். நாற்றம் பொருள் இழிந்தமையால் எவருக்கும் ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் இப்பாடத்தை நடத்தியபொழுது ஒரு மாணவி எழுந்து, "சொல்தானே ஐயா இழிகிறது, மனிதருக்கு என்ன?" என்று வினவினாள். வகுப்பு நகைத்தது, நானும் நகைத்துவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றேன். அவ்வினா நகைத்து ஒதுக்கத்தக்கது அன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன். இக்கட்டுரை அவளுக்குக் காலந்தாழ்த்திக் கூறும் விடையாகும்.

இவ்விடையைத் தேடி இலத்தீன் மொழிக்குச் சென்றமைக்குக் காரணம் உண்டு. ஒரே பொருளைக் குறித்த பல சொற்கள், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக் காலம், பாட்டிலும் சட்டத்திலும் கல்லறைக் கல்லிலும் தொடர்ந்து பதிவாகியிருக்கும் மொழிகள் உலகில் மிகச் சில. அவற்றுள் இலத்தீன் ஒன்று. தமிழ் மாணவர்க்கு அது முற்றிலும் அயன்மொழியும் அன்று. வீரமாமுனிவர் தமிழுக்கும் இலத்தீனுக்கும் அகராதி கண்டவர். யான் இலத்தீனை முறையாகக் கற்றவன் அல்லன். மொழிபெயர்ப்புகளையும் அகராதிகளையும் துணைக்கொண்டே இச்சொற்களை அணுகியுள்ளேன்.

மோப்பம் மிக்கவள்

சூனியக்காரியைக் குறிக்கும் இலத்தீன் சொற்களுள் 'ஸாகா' என்பதை முதற்கண் கொள்ளலாம். இதன் பொருளைக் கூறியவர் உரோமானியப் பேச்சாளர் சிசெரோ. குறிகளும் நிமித்தங்களும் பற்றிய தம் நூலில், கூர்மையாக உணர்தல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து இச்சொல் பிறந்தது என்றும், பலவற்றை அறிய விழையும் மூதாட்டியர் இதனாலேயே இப்பெயர் பெற்றனர் என்றும் அவர் விளக்குகிறார். மோப்பக் கூர்மையுடைய வேட்டை நாய்க்கு வழங்கும் அடைமொழியும் இவ்வேரினின்றே வந்தது என்று சேர்த்துக் கூறுகிறார். பின்னே வருவதை முன்னே உணர்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையும் இக்குடும்பத்ததே.

ஆகவே 'ஸாகா' என்பவள் தொடக்கத்தில் தீயவள் அல்லள், நுண்ணுணர்வு உடையவள். மழை வருமுன் காற்றை முகர்ந்து கூறும் கிழவியை எவ்வூரிலும் காணலாம், அத்தகையவள். அறிந்தவள் என்னும் பொருளுடைய சொல் எவ்வாறு அஞ்சத்தக்கவள் என்னும் பொருளை எய்தியது? அறிவு ஒருவரிடம் இருக்கிறது, அஃது எவ்வழியில் வந்தது என்பது பிறருக்குத் தெரியவில்லை. அத்தெரியாமையே அச்சத்திற்கு வித்தாகிறது என்பது என் கருத்து. நூல் கற்று அறிந்தவனை உரோமானியர் ஐயுறவில்லை. நூலின்றி அறிந்தவளையே ஐயுற்றனர்.

கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஒரு கல்லறைக் கல் உரோமையில் கிடைத்துள்ளது. அரச குடும்பத்துப் பெண்மணி ஒருத்தியின் பணியாளர் குடும்பத்தில் பிறந்த இயூகுந்துஸ் என்னும் சிறுவனின் கல் அது. நான்காம் ஆண்டை நோக்கி வளர்ந்துகொண்டிருந்த அப்பிள்ளை, தன்னை ஒரு 'ஸாகா'வின் கொடிய கை பறித்துச் சென்றது என்று தானே கூறுவதாகவும், பெற்றோரே உங்கள் பிள்ளைகளைக் காத்துக்கொள்ளுங்கள் என்று எச்சரிப்பதாகவும் அதில் செய்யுள் பொறிக்கப்பட்டுள்ளது. பிள்ளை எந்நோயால் இறந்தது என்பது கல்லில் இல்லை. மருத்துவனும் அறியாத காரணத்தை ஒரு சொல்லால் நிரப்பியிருக்கின்றனர் பெற்றோர். அவர்தம் துயரத்தைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அச்சொல் அத்தெருவிலிருந்த எந்த மூதாட்டியின்மேல் சென்று விழுந்ததோ என்னும் எண்ணத்தையும் தவிர்க்க இயலவில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. பிரெஞ்சு மொழியில் மருத்துவச்சியை 'ஸாஜ்-ஃபாம்' என்பர். அறிவுடைய பெண் என்பது சொற்பொருள். ஒலி ஒப்புமை கண்டு இதனை 'ஸாகா'வோடு இணைப்பாரும் உளர். அஃது பொருந்தாது, சுவைத்தறிதல், அறிதல் என்னும் பொருளுடைய வேறொரு வினையின் வழிவந்தது அது. சொல்லாராய்ச்சியில் செவியை மட்டும் நம்புவது தீது. அத்தீது எத்துணைப் பெரிதாகக்கூடும் என்பதற்குச் சான்று பின்னர் வரும்.

மருந்தும் நஞ்சும்

அடுத்த சொல் 'வெனேஃபிகா'. 'வெனேனும்' என்பதைச் செய்பவள் என்பது இதன் பொருள். நஞ்சு செய்பவள் என அகராதி கூறும். ஆனால் 'வெனேனும்' என்பதன் முதற்பொருள் நஞ்சு அன்று. காதல் தெய்வமாகிய வீனஸின் பெயரோடு இஃது உறவுடையது என்றும், காதலை விளைக்க ஊட்டும் மருந்தே இதன் பழம்பொருள் என்றும் சொற்பிறப்பு அறிஞர் பலர் கருதுவர். பின்னர் நோய்க்கு ஊட்டும் மருந்தையும், உயிர்போக்கும் நஞ்சையும், துணிக்கு ஏற்றும் சாயத்தையும்கூட இச்சொல் குறித்தது.

தமிழ் மாணவர்க்கு இதில் வியப்பு ஏதும் இருத்தலாகாது. நம் பேச்சு வழக்கில் 'மருந்து சாப்பிட்டான்' எனின் நோய் தீரும். 'மருந்தைக் குடித்துவிட்டான்' எனின் ஊரே ஓடிவரும். 'மருந்து வைத்துவிட்டாள்' எனின் மருமகள்மேல் பழி. சொல் ஒன்றே, உடன்வரும் வினை பொருளைப் பிரிக்கிறது.

உரோமானியச் சட்டப் புலவர்களும் இச்சிக்கலை அறிந்திருந்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினராகிய காயுஸ், 'வெனேனும்' என்று சொல்பவர் நல்லதா தீயதா என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று எழுதினார். தான் சேர்ந்த பொருளின் இயல்பை மாற்றுவது எதுவாயினும் அப்பெயருக்கு உரியது. மருந்தும் அதனுள் அடங்கும் என்பது அவர் தரும் காரணம். கிரேக்கரின் 'ஃபார்மகோன்' என்னும் சொல்லும் இத்தகையதே என்றும் காட்டினார். எத்துணை நேரிய நோக்கு! இவ்வொரு வரையறையை வழக்காடு மன்றங்கள் எக்காலத்தும் நினைவிற் கொண்டிருப்பின் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும்.

ஏனெனில் காயுஸுக்கு நெடுங்காலம் முன்பே, கி.மு. 331-இல், அச்சொல்லின் இருபொருளும் மோதிக்கொண்ட ஒரு நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் லிவி பதிவு செய்துள்ளார். அவ்வாண்டு உரோமையில் முன்னணித் தலைவர் பலர் ஒரே வகையான நோயால் இறந்தனர். பணிப்பெண் ஒருத்தி அதிகாரியிடம் சென்று, இது குலமகளிர் செய்யும் நஞ்சின் விளைவு என்றாள். அவள் காட்டிய வழியில் சென்றபொழுது சில மகளிர் ஏதோ காய்ச்சிக்கொண்டிருந்தனர். இருபதின்மர் மன்றத்திற்கு அழைத்துவரப்பட்டனர். அவருள் உயர்குடியினராகிய கொர்னேலியா, செர்கியா என்னும் இருவர், இவை உடலுக்கு நலம் தரும் மருந்துகளே என்றனர். நலம் தருவதாயின் குடித்துக் காட்டுக என்றாள் பணிப்பெண். அவர்கள் தமக்குள் கலந்து பேசி, அனைவரும் பார்க்கக் குடித்தனர். குடித்த அனைவரும் இறந்தனர். பின்னர் மேலும் பலர் காட்டிக்கொடுக்கப்பட்டு, 170 மகளிர் குற்றவாளிகள் ஆயினர்.

லிவியே இதனை முழுதும் நம்பவில்லை. எல்லா ஆசிரியரும் இதனைக் கூறவில்லை என்றும், இது பொய்யாக இருத்தலே நன்று என்றும் எழுதுகிறார். அக்கால மக்கள்கூட இதனைக் குற்றம் என்பதைவிடப் பித்து என்றே கருதினர். பழைய சடங்கொன்றைப் புதுப்பித்து, கோயிலில் ஆணி அறைதற்கென்றே ஒரு தனித்தலைவனை அமர்த்தினர். கொள்ளைநோய் ஒன்றும், அதனைத் தணிக்க வீட்டு மகளிர் காய்ச்சிய கைமருந்தும் சேர்ந்து 'வெனேஃபிகா' என்னும் ஒரு சொல்லாகத் திரண்டதோ என ஐயுற இடமுண்டு. அளவு மிகின் எம்மருந்தும் கொல்லும்.

கி.மு. 81-இல் சுல்லாவின் ஆட்சியில் கத்திக்காரரையும் நஞ்சிடுவோரையும் ஒருசேரத் தண்டிக்கும் கொர்னேலியச் சட்டம் இயற்றப்பட்டது. மந்திரத்தால் கேடு செய்தோரையும் பின்னாளில் இச்சட்டத்தின்கீழேயே விசாரித்தனர்.

என் தந்தையைப் பெற்ற பாட்டியார் – எங்கள் வழக்கில் வாப்பும்மா – எங்கள் தெருவில் பிள்ளைப்பேறு பார்த்தவர். சுக்கும் ஓமமும் இன்னபிறவும் இடித்துத் தரும் கைமருந்துக்கு அண்டை ஊரிலிருந்தும் வருவர். ஒருமுறை ஒரு வீட்டில் அவர் மருந்து கொடுத்த மூன்றாம் நாள் குழந்தை தவறிவிட்டது. 'மருந்து கொடுத்தார்' என்றிருந்த பேச்சு ஒரு வாரத்தில் 'மருந்து வைத்தார்' என்றாயிற்று. எவரும் அவரை அடிக்கவில்லை, வைய வில்லை. அழைப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டனர். உரலையும் உலக்கையையும் அவர் பரணில் ஏற்றிவிட்டார். நான் சிறுவனாயிருந்தபொழுது அவை பரணில் ஏன் கிடக்கின்றன என்று கேட்டதற்கு எனக்கு எவரும் விடை கூறவில்லை. வினைச்சொல் ஒன்று மாறியதன் விளைவு அது என்று இன்று கூறுவேன்.

பாட்டும் பழியும்

'கார்மென்' என்னும் இலத்தீன் சொல் பாட்டையும் மந்திரத்தையும் ஒருங்கே குறிக்கும். பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் சென்று கவர்ச்சியைக் குறிக்கும் 'சார்ம்' ஆனதும் இதுவே. மந்திரம் பாடிக் கட்டுபவள் 'இன்கந்தாத்ரிக்ஸ்'. பாடுதல் என்னும் வினையடி அதனுள் இருப்பதைக் காணலாம். கி.மு. 451–450-இல் தொகுக்கப்பட்ட பன்னிரு பலகைச் சட்டம் தீய 'கார்மென்' பாடுவோரைத் தண்டிக்கும். அஃது உயிரைக் கொல்லும் மந்திரமா, மானத்தைக் கொல்லும் வசைப்பாட்டா என்பதில் உரையாளர் இன்றும் மாறுபடுவர். அறம் பாடிக் கொல்லுதல் என்னும் வழக்கினை அறிந்த தமிழர்க்கு இவ்விரண்டும் ஒன்றாதல் புரியும். நம்மிடம் அங்கதமும் செய்யுள்தான்.

அயலான் வயலின் விளைச்சலைப் பாடி இழுத்துக்கொள்ளுதலும் அச்சட்டத்தில் குற்றமே. இக்குற்றச்சாட்டிற்கு ஆளாகி மீண்ட ஒருவனின் கதையை மூத்த பிளினி கூறுகிறார். அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்ற ஃபூரியுஸ் கிரெசிமுஸ் என்பவன் சிறிய நிலத்தில் மிகுந்த விளைச்சல் கண்டான். பெருநிலக்காரராகிய அயலார் பொறாமை கொண்டு, தம் பயிரை அவன் மந்திரத்தால் இழுக்கிறான் என்றனர். வழக்கு நாளன்று அவன் தன் உழுபடைகள், கனத்த மண்வெட்டிகள், கொழுத்த எருதுகள், நன்கு உண்டு உடுத்த வேலையாட்கள் யாவற்றையும் மன்றத்திற்கே ஓட்டிவந்து, இவையே என் மந்திரம் என்றான். இரவில் விழித்த விழிப்பையும் சிந்திய வியர்வையையும் கொண்டுவர இயலவில்லை என்றும் கூறினான். அனைவரும் ஒருமனதாக அவனை விடுவித்தனர்.

கதை இனியது. ஆனால் ஒன்றைக் கருதுக. அவன் ஆடவன், மன்றத்தில் நின்று பேசினான், காட்டுதற்கு அவனிடம் எருது இருந்தது. 'ஸாகா' எனப்பட்ட கிழவி எதனைக் காட்டுவாள்?

ஆந்தையும் அரக்கியும்

'ஸ்த்ரிக்ஸ்' என்பது இரவில் அலறும் ஒரு பறவையின் பெயர். இதினின்று வந்த 'ஸ்த்ரிகா' பறவை வடிவெடுத்துப் பறந்து பிள்ளைகளின் குருதி குடிக்கும் பெண்ணைக் குறித்தது. வடமொழி 'ஸ்திரீ'யோடு இதற்கு உறவில்லை, மயங்கற்க. அலறுதல் என்னும் ஒலிக்குறிப்பே இதன் அடியாகக் கருதப்படுகிறது. ஓவித் தம் நாட்காட்டிக் காப்பியத்தின் ஆறாம் பகுதியில், பிறந்து ஐந்தே நாளான பச்சிளங் குழந்தையின் தொட்டிலை இப்பறவைகள் சூழ்ந்ததைப் பாடுகிறார். இவை பறவையாகவே பிறந்தனவோ, மந்திரப் பாட்டால் பறவையாக்கப்பட்ட கிழவியரோ என்று உறுதி கூறாது விடுகிறார். பிளினியோ, 'ஸ்த்ரிக்ஸ்' என்னும் சொல் பழைய வசவுகளில் உண்டு என்றும், எப்பறவை அது என்பது தெளிவில்லை என்றும் எழுதுகிறார். அஃதாவது, இல்லாத பறவை ஒன்றிற்குப் பெயர் இருந்தது, அப்பெயர் வசவாயிற்று, வசவு இருக்கும் பெண்ணின்மேல் ஒட்டிக்கொண்டது. இத்தாலிய மொழியில் இன்றும் சூனியக்காரி 'ஸ்த்ரேகா'தான். கிரேக்கத்திலிருந்து வந்த 'லாமியா'வும் பிள்ளை தின்னும் அரக்கியே. அதன்பால் அதிகம் நிற்கவேண்டியதில்லை.

கவிஞர் இச்சொற்களைக் கையாண்ட முறையில் அச்சமும் நகைப்பும் கலந்திருக்கும். ஹொராஸ் படைத்த கனிதியா, ஒரு பாட்டில் சிறுவனைக் கழுத்தளவு புதைத்துப் பட்டினியிட்டு, அவன் ஈரலால் காதல் மருந்து செய்ய முனைகிறாள். வேறொரு பாட்டில் அவளும் அவள் தோழியும் ஏழையரின் பழைய இடுகாட்டில் எலும்பு பொறுக்க வருகையில், அங்கிருந்த மரச்சிலை பெரும் ஓசையோடு வெடிக்க, ஒருத்தியின் பொய்ப்பல்லும் மற்றவளின் பொய்ம்மயிரும் வழியில் விழ நகரை நோக்கி ஓடுகின்றனர். தோழியின் பெயர் சகானா; 'ஸாகா'விலிருந்து ஆக்கிய பெயர். படித்தவர் நகைத்தனர், இயூகுந்துஸின் பெற்றோர் கல்லில் பொறித்தனர். ஒரே சொல்தான்.

இருண்ட காலம் என்று நாம் பாடத்தில் படித்த இடைக்காலத்தின் தொடக்கம் இச்சொல்லைப் பொறுத்தவரை அத்துணை இருண்டதன்று என்பது வியப்பிற்குரியது. கி.பி. 643-இல் இத்தாலியை ஆண்ட லொம்பார்டு மன்னன் ரொதாரி, 'ஸ்த்ரிகா' என்று கூறி எவரும் பிறருடைய அடிமைப் பெண்ணைக் கொல்லலாகாது என்று ஆணையிட்டான். ஒரு பெண் உயிருள்ள மனிதனின் உள்ளுறுப்பைத் தின்பாள் என்று நம்புவது தகாது என்பது அவன் கூறிய காரணம். அவ்வாணையில் 'ஸ்த்ரிகா'வுக்கு மக்கள் வழக்கு 'மஸ்கா' எனக் குறிக்கப்பட்டுள்ளது. முகமூடியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் இதனின்று வந்தது என்பாரும், கேலிக்கூத்தைக் குறிக்கும் 'மஸ்கரா' என்னும் அரபுச் சொல்லினின்று வந்தது என்பாரும் உளர், வழக்கு முடியவில்லை. கி.பி. 785 அளவில் சார்லமேன் சாக்சனியருக்கு விதித்த சட்டம் இன்னும் கடுமையானது: 'ஸ்த்ரிகா' என நம்பி ஒருவரை எரிப்பவருக்கே மரண தண்டனை. சூனியம் குற்றமன்று, சூனியக்காரி என்று கூறிக் கொல்லுதலே குற்றம்.

மஜூஸும் மாகாவும்

நம் பெரியோர்களுக்கு 'மஜூஸ்' என்னும் சொல் நன்கு தெரியும். திருக்குர்ஆனின் அல்ஹஜ் அத்தியாயத்தில் ஏனைய சமயத்தாரோடு எண்ணப்படும் பாரசீகச் சமயத்தார் அவர். பழம்பாரசீகத்தில் சமயகுருவைக் குறித்த சொல் அரபியில் இவ்வாறு வழங்க, கிரேக்கத்தில் 'மாகோஸ்' ஆகி, இலத்தீனில் 'மாகுஸ்' ஆயிற்று. அதன் பெண்பால் 'மாகா'. விவிலியத்தில் குழந்தை ஈசாவைக் காணக் கிழக்கிலிருந்து வந்த ஞானியரும் இலத்தீன் மொழிபெயர்ப்பில் 'மாகுஸ்' என்பதன் பன்மையாலேயே சுட்டப்படுகின்றனர். ஆண்பாற் சொல் ஞானியையும் குறிக்கும், வித்தைக்காரனையும் குறிக்கும். 'மாகா'வோ ஞானியைக் குறித்ததாகக் காணவில்லை. மெதேயாவையும் கிர்கேயையும் போன்ற மாயக்காரியரையே அது சுட்டியது.

இந்த ஆண்பாற் சொல்லால் குற்றம் சாட்டப்பட்டவர் வட ஆப்பிரிக்காவில் பிறந்த எழுத்தாளர் அப்புலேயுஸ். கி.பி. 158 அல்லது 159-இல், இன்றைய லிபியாவிலுள்ள சப்ராதா நகரில், செல்வமிக்க கைம்பெண்ணாகிய புதெந்தில்லாவை மந்திரத்தால் மயக்கி மணந்தார் என்று வழக்கு. அவர் தாமே எழுந்து வாதாடினார். அவ்வுரை முழுதும் கிடைத்துள்ளது. 'மாகுஸ்' என்பது பாரசீக மொழியில் குருவைக் குறிக்குமாயின் அதில் என்ன குற்றம் என்று சொற்பிறப்பையே கேடயமாக்கினார். எதிரிகள் காட்டிய பெருஞ்சான்று புதெந்தில்லா எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அப்புலேயுஸ் மந்திரவாதி, தான் மயக்கப்பட்டதாக அதில் இருந்தது. அப்புலேயுஸ் கடிதம் முழுவதையும் படிக்கச் செய்தார். பிறர் தன்னைப் பற்றி இவ்வாறெல்லாம் தூற்றுகின்றனர் என்று அவள் எள்ளி எழுதிய இடம் அது. முன்னும் பின்னும் வெட்டி எடுத்த மேற்கோள்! ஆய்வேடு எழுதும் மாணவர் இப்பகுதியைத் தேடிப் படித்தல் வேண்டும்.

ஓகாரமும் ஆகாரமும்

தீமை செய்பவன் 'மலேஃபிகுஸ்'. தீமை செய்பவள் 'மலேஃபிகா'. திருடனுக்கும் கொலைஞனுக்கும் பொதுவாயிருந்த இச்சொல் கி.பி. நான்காம் நூற்றாண்டு அளவில் சூனியத்திற்குச் சிறப்புப் பெயராயிற்று. விவிலியத்தின் யாத்திராகமத்தில், சூனியம் செய்வோரை உயிருடன் விடலாகாது என்னும் கட்டளை உண்டு. எபிரேய மூலத்தில் அது பெண்பால் ஒருமை. இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் 'மலேஃபிகோஸ்' என ஆண்பாற் பன்மையில் அமைத்தார். இருபாலாரையும் அது தழுவும். பின்னர் 1534-இல் லூதரின் செருமானிய மொழிபெயர்ப்பிலும் 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் மீண்டும் பெண்பால் வந்தது. தமிழில் 'சூனியக்காரி'.

இவ்விடத்தில் ஹைன்ரிக் கிராமர் என்னும் துறவியைப் பற்றிக் கூறவேண்டும். 1485-இல் இன்ஸ்புருக் நகரில் அவர் சூனிய விசாரணை நடத்தினார். ஹெலேனா ஷொய்பெரின் என்னும் பெண் அவருடைய சொற்பொழிவுக்கு வர மறுத்து, வெளிப்படையாக அவரை வைதவள், முதற்குற்றவாளி அவளே. ஆனால் அவ்வட்டாரத்து ஆயர் கோல்சர் விசாரணையை நிறுத்தி, பெண்களை விடுவித்து, கிராமரை முதுமையால் மதி தளர்ந்தவர் எனக் கருதி ஊரைவிட்டு அகலுமாறு எழுதினார். ஊர் திரும்பிய கிராமர் ஒரு நூல் எழுதினார். 1486-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்பெயர் நகரில் அது அச்சேறியது. பெயர் 'மல்லெயுஸ் மலேஃபிகாரும்' – சூனியக்காரியர்மீது விழும் சம்மட்டி.

'மலேஃபிகோரும்' என்றிருந்தால் இருபாலாருக்கும் பொது. 'மலேஃபிகாரும்' என்றமையால் பெண்பாலார்க்கே உரியது. ஓகாரம் ஆகாரமாயிற்று, அவ்வளவே. இது கைதவறி நேர்ந்ததன்று. இக்குற்றத்தை ஆடவர் பெயரால் அன்றிப் பெண்டிர் பெயராலேயே வழங்கவேண்டும், மிக்கது எதுவோ அதனாற் பெயரிடுதலே முறை என்று நூலினுள் அவர் வாதிடுகிறார். தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் தலைமையும் பன்மையும் பற்றிய வழக்கு நமக்குத் தெரிந்ததே. சொல்லிலக்கணத்தின் எளிய விதி. அதே விதி அவர் கையில் குற்றப்பத்திரிகை ஆயிற்று.

இன்னொன்றும் செய்தார். பெண்ணைக் குறிக்கும் 'ஃபெமினா' என்னும் சொல்லை 'ஃபே', 'மினுஸ்' எனப் பிரித்து, நம்பிக்கை குறைந்தவள் என்று பொருள் கூறினார். வகுப்பில் ஒரு மாணவன் இவ்வாறு பிரித்தால் சிவப்பு மையால் அடித்துவிட்டு மறந்துவிடுவோம். உண்மையில் 'ஃபெமினா' என்பது பாலூட்டுதல் என்னும் வேரினின்று வந்தது. மகனைக் குறிக்கும் 'ஃபிலியுஸ்' என்னும் சொல்லும் அவ்வேரினதே. கறவைப் பசுவைக் குறிக்கும் வடமொழித் 'தேனு'வும் – காமதேனுவில் உள்ளதுதான் – இதன் உடன்பிறப்பு. பாலூட்டுபவள் நம்பிக்கை கெட்டவள் ஆனாள். அந்நூல் பலமுறை அச்சேறி நீதிபதிகள் சிலரின் மேசையில் இடம்பெற்றது. எல்லாம் இந்நூலால் விளைந்தது என்று கூறுவது மிகை. போரும் பஞ்சமும் சமயப் பூசலும் சித்திரவதைச் சட்டமும் காரணங்களே. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சூனியக் குற்றத்திற்காகக் கொல்லப்பட்டோர் 40,000 முதல் 60,000 வரை என்பது இன்றைய ஆய்வாளர் கணக்கு. அவருள் நான்கில் மூன்று பங்கினர் பெண்டிர். ஐஸ்லாந்து போன்ற சில இடங்களில் பெரும்பாலோர் ஆடவரே என்பதையும் மறைத்தலாகாது.

கோள்களின் பாதையைக் கண்ட கெப்ளரின் தாயார் கதரீனாவும் இச்சொல்லிற்கு ஆளானவர். மூலிகை அறிந்த மூதாட்டி. அவர் தந்த கசப்புப் பானத்தால் நோயுற்றதாக அயல்வீட்டுப் பெண் ஒருத்தி 1615-இல் பழி கூறினாள். 1620 ஆகத்து முதல் பதினான்கு மாதம் சங்கிலியில் கிடந்தார். கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியும் அவர் ஒப்பவில்லை. மகன் தம் ஆராய்ச்சியை விட்டு வந்து, சாட்சியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி எழுத்து வழியே வாதாடினார். 1621 அக்டோபரில் விடுதலை; 1622 ஏப்ரலில் இறப்பு. தாம் முன்பு இலத்தீனில் எழுதிய நிலவுப் பயணக் கதையில், மூலிகை விற்று ஆவியை அழைக்கும் தாய் ஒருத்தியைப் படைத்தமையும் இப்பழிக்குத் துணைபோயிற்றோ என்று கெப்ளர் பின்னர் ஐயுற்றார். கதரீனாவுக்குக் கெப்ளர் மகனாக வாய்த்தார். ஏனையோர்க்கு வாய்க்கவில்லை.

இறுதியாக ஒரு தீர்ப்பு. சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலத்தில் ஒரு மருத்துவர் வீட்டுப் பணிப்பெண் அன்னா கோல்டி. அவ்வீட்டுச் சிறுமியின் உணவில் மாயமாக ஊசிகளை வரவைத்தாள் என்று அவளைப் பிடித்துச் சித்திரவதை செய்தனர். அப்பொழுது 1782-ஆம் ஆண்டு. சூனியம் என்று எழுதினால் ஐரோப்பா எள்ளும் என்பதை நீதிபதிகள் அறிந்திருந்தனர். ஆகவே தீர்ப்பில் அச்சொல்லைத் தவிர்த்து, செருமானிய மொழியில் 'நஞ்சிட்டவள்' என்று எழுதினர். இரண்டாயிரம் ஆண்டு நடந்து களைத்த 'வெனேஃபிகா' வேறொரு மொழியின் ஆடையில் திரும்பி வந்தாள். அவ்வாண்டு சூன் மாதம் அவள் தலை வாளால் வெட்டப்பட்டது. அவள் குற்றமற்றவள் என்று அம்மாநிலப் பேரவை அறிவித்தது 2008 ஆகத்து மாதத்தில். நஞ்சூட்டப்பட்டதாகக் கூறப்பட்ட சிறுமி தீர்ப்பு நாளன்று உயிரோடிருந்தாள்.